எழுதியாச்சு என்றது பெட்டி

கொஞ்சம் தள்ளி உட்காருங்க. அந்தக் கூடையை மடியில வச்சுக்கோங்க, என் காலை இடிக்குது. தப்பா நினைக்காதீங்க, எனக்கு இன்னைக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. இந்த பஸ் செம்மறிவிளை போகும்தானே? கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டேன். 'போகும்மா, போகும்மா'ங்கிறார். போகும்னு சொல்றவங்களை எல்லாம் நம்புற நிலைமையில நான் இல்லை. நீங்க எந்த ஊர்? சரி, அது இருக்கட்டும், அப்புறமா சொல்லுங்க. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. யார்கிட்டயாவது சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சிடும். தெரிஞ்சவங்ககிட்ட சொல்ல முடியாது. நீங்க யாரோ, நான் யாரோ. இறங்கிப் போனா முடிஞ்சது.

பாளையங்கோட்டையில டாக்டர் செல்வின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. குழந்தைகள் டாக்டர். அவர் வீட்டுக்காரிதான் நான். ஆமா, தெரியும்னு தலையாட்டுறீங்க, எல்லாருக்கும் தெரியும். வீட்டு முன்பக்கம்தான் கிளினிக். பதினோரு வருஷமா அங்க கம்ப்யூட்டர்ல உட்கார்றது நான். சம்பளம் கிடையாது, நன்றி கிடையாது. பிள்ளை பேர், வயசு, எடை, என்ன உபாதை, எந்த மருந்து ஆகாது, எல்லாத்தையும் அட்டையில ஏத்துவேன். அட்டைன்னா காகித அட்டை இல்லை, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற அட்டை. காகித அட்டையை எல்லாம் கரையான் அரிக்குதுன்னு நான்தான் மூட்டை கட்டி பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன். இவர் வேண்டாம் வேண்டாம்னார். எதைச் சொன்னாலும் முதல்ல வேண்டாம்னுதான் சொல்வார். அது ஒரு சுபாவம்.

நான் வேகமா டைப் அடிப்பேன். கான்வென்ட்ல சிஸ்டர் பெர்னடெட் விரல் முட்டியில ஸ்கேலால தட்டித் தட்டிக் கத்துக்கொடுத்தது. என்னோட வேகத்துக்கு அந்தக் கம்ப்யூட்டர்தான் ஈடு கொடுக்கலை. ஒரு அட்டையை ஏத்தி 'சேவ்' அமுக்கினா, பெட்டி உள்ளே கர்ர் கர்ர்னு கறுவும். ஆறு எண்ணலாம், ஏழு எண்ணலாம், அப்புறம்தான் 'எழுதியாச்சு'ன்னு வரும். முன்னால நாற்பது பேர் நிக்கிறாங்க, மழைக்காலம், எல்லாப் பிள்ளைக்கும் சளி, எல்லாப் பிள்ளையும் அலறுது. நான் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கிட்டு ஜெபம் பண்ணவா?

நயினாரைக் கூப்பிட்டேன். ஆறுமுகநயினார்னு கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர், ஐம்பது வயசு இருக்கும், கண்ணாடிக்குக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். அவர் பேச ஆரம்பிச்சா ஆறு குறுக்கே வந்தாலும் நிறுத்த மாட்டார். "மேடம், இது மெதுவா எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. டிஸ்க்கு வாங்குற ஒவ்வொரு எழுத்தையும் அப்பவே உள்ளே சுத்துற தட்டுல எழுதிட்டுத்தான் 'ஆச்சு'ன்னு சொல்லணும்னு நான்தான் கட்டி வச்சிருக்கேன். அதை அவுத்துவிட்டா வேகமாயிடும். ஆனா அப்ப அது எழுதாது. கையில வாங்கி வச்சுக்கும். வச்சுக்கிட்டு 'எழுதியாச்சு'ன்னு நமக்குச் சொல்லிடும். சாவகாசமாத்தான் எழுதும். நடுவுல கரண்ட் போச்சுன்னா கையில இருந்தது போன இடம் தெரியாது"ன்னார்.

எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிற லில்லிபுஷ்பம் மாதிரின்னு சொன்னேன். "தேய்ச்சாச்சுங்கம்மா"ன்னு உள்ளே குரல் கொடுப்பா. பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தா எல்லாம் நுரையில கிடக்கும். கேட்டா, "இந்தா அலசப் போறேன்லா"ம்பா. நயினார் சிரிக்கவே இல்லை. "பேட்டரி நல்லா இருந்தா பயமில்லை மேடம். பேட்டரி எப்படி இருக்கு?"ன்னு கேட்டார்.

யு.பி.எஸ். பேட்டரி அப்பவே வீங்கிப்போச்சுங்க. நிமிஷத்துக்கு ஒரு தடவை கீக் கீக்னு கத்தும். அந்தச் சத்தம் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலி. நான்தான் ஒயரைப் பிடுங்கி, கம்ப்யூட்டரை நேரா சுவத்து பிளக்ல மாட்டிவிட்டுட்டு, யு.பி.எஸ். மேல ஒரு மணி பிளான்ட் வச்சிருந்தேன். புதுசு வாங்கியாச்சான்னு இவர் கேட்டப்ப வாங்கியாச்சுன்னேன். வாங்கத்தான் போறேன், அதைத்தான் சொன்னேன். அடுத்த வாரம் வாங்கினா வாங்கினதுதானே? அதுக்குள்ள வேளை வரலை.

நயினார்கிட்டயும் நல்லா இருக்குன்னேன். ரெண்டு நாள்ல நல்லாத்தானே இருக்கப் போகுது!

அவர் திரையில ரெண்டு கட்டத்தைக் காட்டினார். முதல் கட்டத்துல டிக் போட்டா கையில வாங்கி வைக்கும். ரெண்டாவதுல போட்டா, 'இப்பவே எழுது'ன்னு புரோகிராம் கெஞ்சினாலும் காதுல வாங்காது. அது கீழேயே இங்கிலீஷ்ல எழுதியிருந்தது, தனி பேட்டரி இல்லாம இதைத் தொடாதே, கரண்ட் போனா உன் தகவல் போகும்னு. நான்தான் வாய்விட்டுப் படிச்சேன். அட்சர சுத்தமா. சிஸ்டர் பெர்னடெட் கேட்டிருந்தா மெடலே குத்திவிட்டிருப்பாங்க. அந்த வாக்கியத்துல ஒரு கமா போடாம விட்டிருக்கான்னு நயினாருக்கு எடுத்துச் சொன்னேன். சொல்லிட்டு, "ரெண்டுலயும் போடுங்க நயினார், எனக்கு நேரமில்லை"ன்னேன்.

ஆனா ஒண்ணு. அப்புறம் பெட்டி பறந்தது! 'சேவ்' அமுக்குறதுக்கு முன்னாலயே 'எழுதியாச்சு'. இவரே உள்ளேயிருந்து, "என்ன பியூலா, இன்னைக்கு டோக்கன் சீக்கிரம் நகருது"ன்னார். கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷத்துல எனக்குக் கிடைச்ச பாராட்டு அது ஒண்ணு.

என்ன? ஏதோ கேட்க வந்தீங்க. இருங்க, இருங்க, விஷயத்துக்கு இப்பத்தான் வர்றேன்.

போன வாரம் திங்கக்கிழமை. காலை ஓ.பி., பன்னிரண்டே கால் இருக்கும். ஒரு பொம்பளை உள்ளே டாக்டரைப் பார்த்துட்டு வெளியே வந்தா. ஒல்லியா, கைவிரல் நுனியெல்லாம் பீடித்தூள் கறை. கூட ஏழு வயசுப் பொண்ணு, பிரதிக்ஷான்னு பேர். முன்பல் ரெண்டும் கிடையாது, முட்டி ரெண்டும் வீங்கி, நொண்டிக்கிட்டு வந்தது. இவருக்கு வாதக் காய்ச்சல்னு சந்தேகம். ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார். முடிவு வந்ததும் வரச்சொல்லி, அடுத்த வாரம் வியாழக்கிழமை ஊசி ஆரம்பிக்கலாம், மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னு சொல்லியிருந்தார். பென்சிலின் ஊசி.

அந்தத் தாய் என் மேஜைகிட்ட வந்து நின்னுக்கிட்டு மென்னு முழுங்கினா. "என்னம்மா, சீக்கிரம் சொல்லு, பின்னால ஆள் நிக்குது"ன்னேன். "யம்மா, இவளுக்கு ரெண்டு வயசுல பென்சிலின் ஊசின்னு ஒண்ணு போட்டாக. போட்ட நிமிசத்துல நாக்கு தடிச்சு, முகம் பூரா வீங்கி, மூச்சு முட்டிப் போச்சு. பொழைச்சதே பெருசு. அய்யாகிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு"ன்னா. உள்ளே சொல்ல வேண்டியதை வெளியே வந்து சொல்றதுதான் இவங்க வழக்கம். சிடுசிடுன்னு விழுந்தாலும் நான் என் கடமையை விடலை. அலர்ஜி கட்டத்துல சிவப்பு எழுத்துல 'பென்சிலின் ஆகாது'ன்னு அடிச்சேன். 'சேவ்' அமுக்கினேன். எழுதியாச்சுன்னு வந்தது. "ஏத்தியாச்சும்மா, டாக்டர் பார்த்துக்குவார், நீ போ"ன்னேன். அவ என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனா.

அந்தக் கும்பிடு இருக்கே, அதுதான் இப்ப என்னைக் கொல்லுது.

அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது. பொட்டுனு கரண்ட் போச்சு. மறுபடி வந்து, மறுபடி போய், மறுபடி வந்தது. கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. ரொம்ப நேரம் எதையோ கணக்குப் பார்த்து, கடைசியில திறந்தது. திறந்து ஒரு செய்தி காட்டுச்சு. கடைசிப் பக்கம் பாதி எழுதியும் பாதி எழுதாமலும் கிடந்ததாம், அதனால அந்தப் பக்கத்தையே வெட்டி எடுத்துட்டு மீதியைச் சரி பண்ணியாச்சாம். பார்த்தா பதினோரு அட்டை இல்லை. எழுதியாச்சு, எழுதியாச்சுன்னு பதினோரு தடவை என் முகத்துக்கு நேரா சொன்ன பெட்டிங்க அது!

இவர் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்து, "எல்லாம் பத்திரமா இருக்கா?"ன்னார். "எல்லாம் இருக்கு"ன்னேன். இருக்க வச்சுடப் போறேன், அதனால சொன்னேன். டோக்கன் சீட்டு இருந்தது, இவர் மருந்து எழுதின சீட்டோட கார்பன் இருந்தது. அதை வச்சுக்கிட்டு மூணு மணிக்குள்ள பதினோரு அட்டையையும் திரும்ப ஏத்திட்டேன். போன் நம்பர்தான் எதுலயும் இல்லை, விட்டுட்டேன். வேற எவளாவது செய்வாளா? வேகம்னா அப்படி ஒரு வேகம்.

அலர்ஜி கட்டத்துல எதுவும் அடிக்கலைன்னா அதுவா 'இல்லை'ன்னு போட்டுக்கும். பென்சிலின் ஆகாதுங்கிறது எந்தச் சீட்டுலயும் இல்லாத விஷயம் பாருங்க. என் காதுல விழுந்து, என் கையில வந்து, அந்தப் பெட்டிக்குள்ள போன விஷயம். மூணு இடத்துலயும் நிக்கலை.

இன்னைக்கு மதியம் சாப்பிடும்போது நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவசரமா முழுங்குறதுதான் என் வழக்கம். நாக்கு சுரீர்னு தடிச்சது. தட்டுல கையை வச்சபடி அப்படியே உட்கார்ந்துட்டேன். நாக்கு தடிச்சு, முகம் பூரா வீங்கி... இன்னைக்கு வியாழக்கிழமை.

ஓடிப்போய் அட்டையைத் திறந்தேன். பிரதிக்ஷா, ஏழு வயசு, பதினெட்டு கிலோ. அலர்ஜி: இல்லை. வெறுமையா இருந்திருந்தாக்கூட இவர் ஒரு கேள்வி கேட்பார். 'இல்லை'ன்னு கொட்டை எழுத்துல இருக்கு. நான் அடிச்ச அட்டைன்னா இவருக்கு வேதவாக்கு. தன் ஸ்டெத்தைவிட என் டைப்பிங்கை நம்புற மனுஷன். ஊசிக்கு முன்னால சோதனைக்குத் தோலுக்கடியில ஒரு சொட்டு மருந்து வச்சுப் பார்ப்பார், அது உண்டு. ஆனா சில பிள்ளைங்களுக்கு அந்தச் சொட்டே போதும்னு அவரே ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லியிருக்கார். எனக்கு ஏன் அது அந்த நேரத்துல ஞாபகம் வரணும்?

அங்கேயே மாத்தியிருக்கலாமேன்னு பார்க்கிறீங்க. முடியாதுங்க. அலர்ஜி கட்டத்தை ஒரு தடவை எழுதி மூடிட்டா, அப்புறம் திருத்த டாக்டரோட பாஸ்வேர்டு வேணும். யாரும் கைதவறி அழிச்சிடக் கூடாதுன்னு இவர் வச்ச பூட்டு. நல்லதுக்குத்தான் வச்சார். நான் ஏத்தின பொய்யையும் அது அவ்வளவு பத்திரமாப் பூட்டி வச்சிருக்கு.

டாக்டர்கிட்ட சொல்லிட்டா என்னன்னா கேட்கிறீங்க? உங்களுக்கு என்னம்மா, சுலபமாக் கேட்டுட்டீங்க. அதைச் சொன்னா பதினோரு அட்டை போனதைச் சொல்லணும். ஏன் போச்சுன்னா ரெண்டு கட்டத்துல டிக் போட்டதைச் சொல்லணும். பேட்டரி என்ன ஆச்சும்பார். மணி பிளான்ட்டைக் காட்டவா? காகித அட்டை இருந்திருந்தாம்பார். சத்தம் போட மாட்டார். அதான் தாங்காது. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே "சரி"ன்னு ஒரு வார்த்தை சொல்வார் பாருங்க, அதுக்கு நாலு அறை வாங்கலாம்.

அதனாலதான் இந்த ஏற்பாடு. யோசிச்சுத்தான் செஞ்சேன். இதோ பாருங்க, என் கைப்பையில சீட்டு எழுதி வச்சிருக்கேன். 'இந்தக் குழந்தைக்குப் பென்சிலின் ஆகாது, இரண்டு வயதில் உயிர் போய்ப் பிழைத்தது.' பல் டாக்டர்கிட்ட போறேன்னு வீட்டுல சொல்லிட்டு மூணு மணிக்கே கிளம்பிட்டேன். செம்மறிவிளைன்னு அந்தப் பொம்பளை சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு. சாயங்கால ஓ.பி.க்கு எல்லாரும் நாலரை பஸ்ஸுக்குத்தான் கிளம்புவாங்க. அதுக்கு முன்னால பிடிச்சு, இந்தச் சீட்டை அவ கையில கொடுத்து, "நீயே டாக்டர்கிட்ட காட்டு, நீயே சொல்லு"ன்னு சொல்லிடுவேன். தாய் சொன்னா இவர் கேட்டுப்பார். பாஸ்வேர்டு போட்டு மாத்திப்பார். பிள்ளையும் பிழைச்சது, என் மானமும் பிழைச்சது. யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒரு டாக்டர் வீட்டுக்காரி, இந்த வெயில்ல, டவுன் பஸ்ல, முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்காக அலையுறேன். எவ செய்வா சொல்லுங்க?

பஸ் ஸ்டாண்ட்லயே இருபது நிமிஷம் போட்டு நிறுத்திட்டான் பாவி. மணி என்ன? நாலு அஞ்சா? ஓ.பி. ஆரம்பிச்சிருக்கும். பரவாயில்லை, அவ வர அஞ்சேகால் ஆகும்.

ஏன் என் கையைப் பிடிக்கிறீங்க? இதோட மூணாவது தடவையா வாயெடுக்கிறீங்க, சொல்லித் தொலைங்களேன்.

என்னது?

உங்க ஊரே செம்மறிவிளையா? அதை ஏங்க முதல்லயே... ஆமா, நான்தான் கேட்டேன். நான்தான் அப்புறம் சொல்லுங்கன்னேன்.

சுடலைவடிவா? பீடி சுத்துறவளா? முன்பல் விழுந்த பொண்ணு? எதிர்வீடா! சரி, சரி, அப்ப நல்லதாப் போச்சு, என்னை நேரா அவ வீட்டுல... ஏன் தலையாட்டுறீங்க? மெதுவா சொல்லுங்க. இல்லை, வேகமா சொல்லுங்க.

ரெண்டு மணிக்கே போயாச்சா?

யாரோட? மாமனோட பைக்லயா. தாய் போகலையா? பீடிக்கடையில இன்னைக்குச் சரக்கு ஒப்படைக்கிற நாளா. முதல் டோக்கன் வாங்கணும்னு அவசரமாப் போனாங்களா. நீங்க உங்க கண்ணால பார்த்தீங்களா? நீங்க டவுனுக்கு வந்த பஸ்ஸையே அவங்க பைக் முந்திப் போச்சா.

அந்த மாமனுக்குத் தெரியுமா, ரெண்டு வயசுல நடந்தது? துபாய்லயா இருந்தான் அப்ப? அய்யோ. ஆண்டவரே. ஏசப்பா.

போன்... போன் எங்கே? இந்தச் சீட்டைப் பிடிங்க. தூரப் போடுங்க அதை.

மணி அடிக்குது. எடுக்க மாட்டார். ஓ.பி. நேரத்துல போன் மேஜை டிராயருக்குள்ள கிடக்கணும்னு நான் போட்ட சட்டம். டிராயருக்குள்ள அடிச்சுக்கிட்டு இருக்கும். எடுங்க, எடுங்க. போச்சு.

ரோஸ்மேரி! நர்ஸ் ரோஸ்மேரி. அவளும் தொடக் கூடாது, போனைக் கையில பார்த்தா சம்பளத்துல பிடிப்பேன்னு மிரட்டி வச்சிருக்கேன். போகுது, மணி போகுது... எடுத்துட்டா! ரோஸ்மேரி, நான்தான். இல்லை, திட்டக் கூப்பிடலை. அந்த முட்டி வீங்கின பொண்ணு, பிரதிக்ஷா, அதுக்கு ஊசி போடக் கூடாது. பென்சிலின் ஆகாது. கேட்குதா?... ரோஸ்மேரி?

'சரிக்கா'ன்னா. கட் ஆயிடுச்சு.

சரின்னுட்டாகளே, பிறகென்னன்னு கேட்கிறீங்களா? சரின்னா என்னங்க? அவ எதுக்குச் சரின்னா? என் குரல் கேட்டதுக்கா, நான் சொன்னது கேட்டதுக்கா? பாதி விழுந்து பாதி விழாம இருந்தா? வாய்ல சரின்னு வச்சுக்கிட்டு, கையில ஊசியை வச்சுக்கிட்டு... நான் வீட்டுல எத்தனை சரி சொல்லியிருக்கேன் தெரியுமா உங்களுக்கு? பேட்டரி வாங்கியாச்சு. எல்லாம் இருக்கு. ஏத்தியாச்சும்மா, நீ போ.

கண்டக்டர்! வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்க, இந்த இடத்துல டவர் இல்லை போல. நிறுத்துங்கன்னா! ஒரு உசுரு சார்.

போகுது. மணி போகுது. ரோஸ்மேரி, சரின்னு சொல்லாத. ஒரு வார்த்தை பேசாத. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு. எது ஆகாது? யாருக்கு? முழுசா சொல்லு... ம். ம். இப்ப உன் கையில என்ன இருக்கு? சொட்டு வச்சாச்சா? இன்னும் வைக்கலையே? ஊசியைக் கீழே வை. வச்சுட்டேன்னு சொல்லாத, வைக்கிற சத்தம் எனக்குக் கேட்கணும். தட்டுல போடு.

கேட்டுச்சு. தட்டுல விழுந்தது கேட்டுச்சுங்க. உங்களுக்கும் கேட்டுச்சா?

பிள்ளை என்ன பண்ணுது? மாமன் மடியில உட்கார்ந்து பிஸ்கட் தின்னுதா. தின்னட்டும்.

என்ன ரோஸ்மேரி? டாக்டர் என்ன கேட்கிறார்? திரையில 'இல்லை'ன்னு இருக்கே, யார் சொன்னா ஆகாதுன்னு கேட்கிறாரா?

அவர்கிட்ட... அந்தத் தாய் இப்ப போன் பண்ணிச் சொன்னான்னு...

இல்லை. ரோஸ்மேரி, போனை அவர்கிட்ட கொடு.

என்னங்க. நான் பல் டாக்டர்கிட்ட போகலை. செம்மறிவிளை பஸ்ல இருக்கேன். அந்தக் கட்டத்துல இருக்கிறது பொய். அந்தத் தாய் என்கிட்ட சொன்னா, நான் ஏத்தினேன், அது நிக்கலை. பேட்டரி வாங்கலை. அது மட்டும் இல்லை, அன்னைக்கு ஏத்தின பதினோரு அட்டையுமே அந்தக் கட்டத்துல பொய்யா இருக்கலாம். பதினோரு வீட்டையும் தேடிப் பிடிச்சுக் கேட்கணும். கேட்குதா?

நீங்களும் சரின்னு சொல்லாதீங்க. திருப்பிச் சொல்லுங்க. முதல்ல இருந்து.